ஐஸ் கட்டி ஏன் இவ்வளவு லேட்டா உருகுது? ஜோசப் பிளாக் கண்ட விடை

உறைநிலையில் இருக்கும் பனிக்கட்டிக்கு இன்னும் துளி வெப்பம் கொடுத்தால் போதும், மொத்தமும் தண்ணீராகிவிடும். 18-ம் நூற்றாண்டின் நடுவில் படித்தவர்களே இப்படித்தான் நம்பினார்கள்.

ஜோசப் பிளாக் நம்பவில்லை. அப்படின்னா, வெயில் அடிக்கிற முதல் நாளே மலைப்பனி முழுக்க உருகி ஊரையே வெள்ளம் அடிச்சிட்டுப் போயிருக்கணுமே?

1728-ல் பிரான்ஸின் போர்தோ நகரில், ஒயின் வியாபாரி ஒருவரின் மகனாகப் பிறந்தவர் பிளாக். ஸ்காட்லாந்தில் மருத்துவம் படித்தார். இன்று நாம் கார்பன் டை ஆக்சைடு என்று சொல்லும் வாயு, காற்றிலிருந்து வேறானது என்று காட்டியவரும் இவர்தான். அது தனிக்கதை.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது ஒரு சோதனை செய்தார். இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் சம அளவு தண்ணீர். ஒன்று பனியாக உறைந்திருந்தது. இன்னொன்று உறையாமல், 33 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருந்தது. இரண்டையும் ஒரே கூடத்தில் தொங்கவிட்டார். தண்ணீர் 40 டிகிரியை அரை மணி நேரத்தில் தொட்டது. பனி உருகி அதே 40-ஐ தொட பத்தரை மணி நேரம் ஆனது!

அத்தனை நேரமும் பனி வெப்பத்தை உள்ளே இழுத்தபடியே இருந்தது. ஆனால் உருகி முடியும்வரை தெர்மாமீட்டர் அசையவில்லை. அந்தக் கணக்கில் வராத வெப்பம்தான், நாம் பள்ளியில் படித்த உள்ளுறை வெப்பம். மூலக்கூறுகளின் பிடியைத் தளர்த்த அது செலவாகிறது என்ற விளக்கம் பின்னாளில் வந்தது. பொருள் மாறுவதில்லை, நிலை மட்டுமே மாறுகிறது. ஒரு கிராம் பனி உருக சுமார் 80 கலோரி போதும். ஒரு கிராம் கொதிநீர் ஆவியாக சுமார் 540 வேண்டும்.

அதே பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்துகொடுத்தவர் ஜேம்ஸ் வாட். கொஞ்சம் நீராவி இவ்வளவு குளிர்நீரைச் சூடாக்குகிறதே என்று குழம்பி வந்தவருக்கு பிளாக் காரணம் சொன்னார், ஆய்வுக்குப் பணமும் கொடுத்து உதவினார். வாட்டின் நீராவி இயந்திர யோசனையே பிளாக் கொடுத்ததுன்னு சிலர் எழுதுவாங்க. அதை வாட்டே மறுத்திருக்கிறார்.

இத்தனை பெரிய கண்டுபிடிப்பை பிளாக் அச்சில் வெளியிடவே இல்லை. வகுப்பில் சொன்னார், மாணவர்கள் குறிப்பெடுத்தார்கள், அவ்வளவுதான். 1772-ல் சுவீடனின் யோஹான் வில்கே தானாகவே இதைக் கண்டறிந்து வெளியிட்டார். பிளாக் 1799-ல் இறந்தார். நண்பர் ஜான் ராபிசன் அவருடைய விரிவுரைகளைத் தொகுத்து, 1803-ல் புத்தகமாக்கினார்.