கறுப்பு வெள்ளைக் கட்டைகளில் ஒரு வாழ்க்கை



ஆண்டு மலர் என்றால் விஞ்ஞானி, தலைவர், கவிஞர் என்றுதான் எழுதுவோம். நான் ஒரு பியானோக்காரரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் ஸ்காட் ஜாப்ளின். அமெரிக்காவில் ராக்டைம் இசையின் மன்னர் என்று பெயர் வாங்கியவர். மெக்கானிக்கல் படிக்கிற பையனுக்குப் பியானோ எதுக்குடா என்று கேட்பீர்கள். கடைசிவரை படியுங்கள், காரணம் தானே விளங்கும்.

1868-ஆம் ஆண்டு வாக்கில் டெக்ஸாஸ் மாநிலத்தில் பிறந்தார். அப்பா ஜைல்ஸ் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர், ரயில்பாதைக் கூலி. அம்மா ஃப்ளாரன்ஸ் வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை செய்தார். அப்பா குடும்பத்தை விட்டுப் போன பிறகு பாரம் முழுக்க அம்மா தலையில்! அம்மா வேலை செய்த வீட்டில் இருந்த பியானோவில்தான் மகன் பழகினான். டெக்ஸார்கானா ஊரில் ஜூலியஸ் வைஸ் என்ற ஜெர்மானிய ஆசிரியர் அந்தப் பையனின் திறமையைப் பார்த்து, காசே வாங்காமல் சொல்லிக் கொடுத்தார்.

பிறகு ஊர் ஊராகப் போய் மதுக்கடைகளிலும் விடுதிகளிலும் வாசித்துப் பிழைத்தார். 1894-இல் மிசௌரி மாநிலத்தின் செடேலியா நகருக்கு வந்தார. கையில் தொழில் இருக்கிறது, வயதும் இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது. இருந்தும், கறுப்பின மாணவர்களுக்கான ஜார்ஜ் ஆர். ஸ்மித் கல்லூரியில் சேர்ந்து முறையாக இசை படித்தார்.

அதென்ன ராக்டைம்? நம்ம ராகத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. ‘ராக்’ என்றால் கந்தல். இடது கை ஃப்ளைவீல் மாதிரி ஒரே சீராகத் தாளம் போடும். வலது கையோ அந்தத் தாளத்துக்குச் சற்று முன்னேயும் பின்னேயும் தள்ளித் தள்ளி விழும். இரண்டும் மோதுகிற இடத்தில் கேட்பவர் கால் தானாக ஆடும்.

1899-இல் ஜான் ஸ்டார்க் என்பவர் ஜாப்ளினின் ‘மேப்பிள் லீஃப் ராக்’ என்ற இசையை அச்சிட்டார். அந்தக் காலத்தில் ஒரு சிறு தொகையைக் கொடுத்து மொத்த உரிமையையும் எழுதி வாங்கிக்கொள்வதுதான் வழக்கம். ஜாப்ளின் விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு சென்ட் என்று ஒப்பந்தம் போட்டார். சின்னக் காசுதான். ஆனால் உழைப்பு அவர் பெயரிலேயே நின்றது!

இலவசமாகக் கற்றதை அவர் பூட்டி வைக்கவில்லை. ஆர்தர் மார்ஷல், ஸ்காட் ஹேடன் என்ற இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்து, அவர்களோடு சேர்ந்தே இசை எழுதி வெளியிட்டார்.

1911-இல் ‘ட்ரீமோனிஷா’ என்ற இசை நாடகத்தை, 230 பக்கம், தன் சொந்தச் செலவில் அச்சடித்தார். மரத்தடியில் கிடைத்த ஒரு பெண் குழந்தையின் கதை அது. வளர்ப்புத் தாய் ஒரு வீட்டில் துணி துவைத்துத் தேய்த்தும், வளர்ப்புத் தந்தை விறகு வெட்டியும் அதற்குப் பதிலாக அவளைப் படிக்க வைக்கிறார்கள். பதினெட்டு வயதில், ஊரிலேயே படித்த ஒரே ஆள் அவள்தான். தாயத்து விற்று ஏமாற்றுகிறவர்களை எதிர்க்கிறாள். அவர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். மீண்டு வந்தவள், அவர்களை அடிக்க வேண்டாம், மன்னித்து விடுங்கள் என்கிறாள். ஊர் அவளையே தலைவியாக்குகிறது.

இதை மேடையேற்ற ஜாப்ளின் அலையாத இடமில்லை. ஹார்லெமில் வாத்தியக் குழுவோ திரையோ இல்லாமல், தானே பியானோ வாசித்து ஒருமுறை நடத்திக் காட்டினார். எடுபடவில்லை. நோய் முற்றி, 1917 ஏப்ரல் 1-இல் நியூயார்க்கில் மனநல மருத்துவமனையில் இறந்தார். ஐம்பது வயது கூட ஆகவில்லை. கல்லறைக்கு ஒரு பெயர்க்கல்கூட 1974-இல்தான் வந்தது.

அவர் வாசித்த ஒலித்தட்டு ஒன்றும் கிடையாது. ஆனால் 1916-இல் தானியங்கிப் பியானோவுக்கான காகிதச் சுருள்களைப் பதிவு செய்தார். காகிதத்தில் துளை, துளை வழியே காற்று, காற்றால் அசையும் கட்டை. நம்ம நியூமேட்டிக்ஸ் பாடம்தான், ஆளில்லாமல் அவர் இசையை வாசிக்கிறது!

1972-இல் அட்லாண்டாவில் ட்ரீமோனிஷா முழுமையாக மேடையேறியது. 1973-இல் ‘தி ஸ்டிங்’ திரைப்படம் அவர் இசையை உலகெங்கும் கொண்டுபோனது. 1976-இல் அவருக்குச் சிறப்புப் புலிட்சர் விருது கிடைத்தது. வாங்கத்தான் ஆளில்லை.

என் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா சித்தாள் வேலைக்குப் போய்த்தான் என் ஃபீஸைக் கட்டுகிறார். எனக்கும் வயது பதினெட்டு. ட்ரீமோனிஷா படித்தது ஊரை விட்டு ஓடுவதற்கு அல்ல. டிப்ளமோ கையில் வந்ததும் நம்மில் பலர் வண்டி ஏறிவிடுவோம், தப்பில்லை. ஆனால் நம் தெருவில் அடுத்துப் படிக்கப் போகிற பிள்ளைக்கு அப்ளிகேஷன் பூர்த்தி பண்ணித் தர, ஒரு கணக்குச் சொல்லிக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? நாம்தானே இருக்கிறோம், நண்பர்களே!