சக்கர நாற்காலியில் வந்த மருத்துவர்

பலாப்பழக் காலம் வந்துவிட்டால் பண்ருட்டி, நெய்வேலி வட்டாரத்தில் மரமேறுவோருக்கு ஓய்வில்லை. ஏறியவர்களில் யாரேனும் ஒருவர் கிளை முறிந்து விழுவதும் உண்டு. சென்னை - கும்பகோணம் நெடுஞ்சாலையில் இருசக்கர வாகனத்திலிருந்து தூக்கி எறியப்படுவோரும் உண்டு. சாலை விபத்து, உயரத்திலிருந்து விழுதல் - நம் நாட்டில் முதுகுத்தண்டு முறிவுக்கு இவ்விரண்டுமே முதன்மைக் காரணங்கள். உயிர் பிழைத்து வீடு திரும்பியவரை அதன் பிறகு தெருவில் காண்பது அரிது. அவர் என்ன ஆனார் என்று அண்டை அயலார் சில மாதங்கள் விசாரிப்பார்கள். பின்னர் அதுவும் நின்றுவிடும்.

அந்த விசாரிப்பை நிறுத்தாமல் வாழ்நாள் பணியாகவே மேற்கொண்டவர் மருத்துவர் மேரி வர்கீஸ். அதற்கான தகுதியை அவர் தம் உடலால் பெற்றிருந்தார்.

1925-இல் கொச்சியில் பிறந்த மேரி, எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் பயின்று, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். மகளிர் மருத்துவத்தில் வல்லுநராக வேண்டும் என்பது அவரது விருப்பம். 1954-இல் உடன் பணியாற்றியவர்களுடன் வெளியே சென்றபோது அவர்கள் பயணம் செய்த ஊர்தி விபத்துக்குள்ளானது. முகத்தில் கடுமையான காயங்கள். முதுகுத்தண்டு சிதைந்து, இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் முற்றிலும் போயின. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பதுகூட நிரம்பவில்லை.

அந்தக் காலத்தில் இத்தகைய முறிவின் பொருள் என்ன என்பதை ஒரு மருத்துவருக்கு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன்புவரை மேலைநாடுகளிலேயே தண்டுவடம் அறுந்தவர்களில் பெரும்பாலோர் ஓரிரு ஆண்டுகளுக்குள் இறந்தனர். அவர்களைக் கொன்றவை படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கும் எளிய ஒழுங்கைக் கண்டிப்புடன் கடைப்பிடித்து அந்த நிலையை மாற்றினார். அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. 1948-இல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், மருத்துவமனை வளாகத்தின் திறந்த வெளியில், சக்கர நாற்காலியில் அமர்ந்த பதினாறு பேரின் கைகளில் வில்லைக் கொடுத்தார். இன்றைய பாராலிம்பிக்கின் வித்து அது.

வேலூரில் மேரியின் கைகளில் கொடுக்கப்பட்டது அறுவைக் கத்தி. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, நலமாக உள்ள தசையின் நாணை இடம்மாற்றிப் பொருத்தி மீண்டும் இயங்கச் செய்யும் அறுவை சிகிச்சையில் அங்கே பெயர் பெற்றிருந்தவர் மருத்துவர் பால் பிராண்ட். கையில் செய்யப்படும் அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம். கால் இயங்காத மருத்துவருக்கு அதில் என்ன தடை என்பதே பிராண்டின் எண்ணம். மேரி அதைக் கற்றார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே செய்தும் காட்டினார்.

அந்த அறையில் இருந்த ஓர் ஒற்றுமை நம் கவனத்துக்குரியது. தொழுநோயாளியின் கை சூட்டை அறியாது. மருத்துவரின் கால் அழுத்தத்தை அறியாது. தோல் சிவந்திருக்கிறதா, கீறல் உண்டா என்று இருவருமே கண்ணால்தான் தேடியறிய வேண்டும். வலி என்னும் காவலாளி இல்லாத உடலை நாள்தோறும் தாமே காவல் காக்கும் பயிற்சியை அந்த நோயாளிகளுக்குச் சொல்லித்தர அவரைவிடப் பொருத்தமானவர் யார்?

ஆயினும் தமக்கே அவர் கற்க வேண்டியது நிறைய இருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்று மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். படுக்கையிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து ஊர்திக்கும் தம் கைவலிமையால் மாறுவது, தடுப்புகளைக் கடப்பது ஆகியவற்றை முறையாகக் கற்பிப்பதே இத்தகைய பயிற்சி. பிறர் தூக்கிவிட்டால்தான் வாழ்க்கை என்ற நிலைக்கும், துணையின்றி நகரும் நிலைக்கும் இடையே உள்ள தொலைவைக் கடக்கப் பெரும்பாலும் சில மாதப் பயிற்சி போதும் என்பது வியப்புக்குரிய உண்மை. பயிற்சி தருவோர்தாம் இங்கு இல்லை. அந்தக் குறையைப் போக்கவே நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நிறுவிய மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் உயர்பயிற்சி பெற்று அவர் நாடு திரும்பினார்.

தமிழகத்தில் அது பெரும் தொடக்கங்களின் காலம். தென் ஆற்காட்டில், 1957-இல் பிரதமர் நேரு தொடங்கிவைத்த நெய்வேலிச் சுரங்கம் 1961-இல் பழுப்பு நிலக்கரியை வெளிக்கொணர்ந்தது. மறு ஆண்டே மின்சாரம் பிறந்தது. வட ஆற்காட்டில், 1963-இல் வேலூர் மருத்துவக் கல்லூரியின் உடலியக்க மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையின் பொறுப்பை மேரி ஏற்றார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளிகளைத் தங்கவைத்துப் பயிற்றுவிக்கும் இத்தகைய நிலையம் இந்தியாவில் அதற்கு முன் இருந்ததில்லை. முன்னது நாட்டின் பாடநூல்களில் இடம்பெற்றது. பின்னதைப் பற்றி மருத்துவ உலகுக்கு வெளியே அறிந்தவர் எத்தனை பேர்?

1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1965 போரில் குண்டடிபட்டு முடங்கிய இந்திய ராணுவ வீரர் முரளிகாந்த் பேட்கர், ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் நீச்சலில் தங்கம் வென்று பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கத்தைப் பெற்றுத் தந்ததும் அதே 1972-இல்தான். ஒருவர் நீரில் இறங்கினார், மற்றவர் அறுவை அரங்கில் அமர்ந்தார். இருவரையும் அன்றைய இந்தியா எளிதில் மறந்தது. மேரி 1986-இல் மறைந்தார். பாகாயம் நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே ஆண்டுதோறும் நடைபெறும் மறுவாழ்வு விழாவில், பயிற்சி பெற்று ஊர் திரும்பியவர்கள் மீண்டும் கூடி விளையாடுகிறார்கள்.

மேரியின் காலத்தில் இல்லாத கருவிகள் பல இன்று நம்மிடம் உள்ளன. கையால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியை நாம் நெடுங்காலமாக அறிவோம். பின்னால் இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டரைத் தமிழக அரசு விலையின்றி வழங்கி வருகிறது. சக்கர நாற்காலியின் முன்புறம் பூட்டினால் அதைச் சாலையில் மணிக்கு 25 கி.மீ. வேகம்வரை செல்லும் வண்டியாக மாற்றும் நியோபோல்ட் என்ற மின்கருவியைச் சென்னை ஐஐடி 2021-இல் அறிமுகப்படுத்தியது. மருத்துவமனையின் வழுவழுப்பான தளத்துக்கென வடிவமைக்கப்பட்ட நாற்காலியின் சிறிய முன்சக்கரங்கள் செம்மண்ணில் புதைந்துவிடும். அச்சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்திவிடுவதே இக்கருவியின் சூட்சுமம். கேட்பதற்குச் சிறிய செய்தி. பயன்படுத்துவோருக்கு வீட்டு வாசலுக்கும் வயல்வெளிக்கும் உள்ள வேறுபாடு அது.

கருவி மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அழுத்தத்தைப் பரப்பும் மெத்தை இல்லாமல் மணிக்கணக்கில் அமர்ந்தால் புண் உறுதி. கத்திரி வெயிலில் காய்ந்த இரும்புச் சட்டம் உணர்வற்ற தொடையைச் சுட்டாலும் தெரியாது. முறிவு கழுத்தை ஒட்டி இருந்தால் உடல் வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளவும் இயலாது. வெளியே செல்வது என்றால் விடியலில் அல்லது மாலையில், தண்ணீரும் நிழலும் உள்ள வழியில் என்று திட்டமிட்டாக வேண்டும்.

அப்படியொரு வழி எங்கே இருக்கிறது என்று தேடினால், நெய்வேலி நகரியம் நினைவுக்கு வருகிறது. திட்டமிட்டு வகுக்கப்பட்ட வட்டங்கள், மேடுபள்ளமற்ற அகன்ற சாலைகள், இருமருங்கும் மரநிழல் - தமிழகத்தின் பழைய நகரங்களுக்கு வாய்க்காத வசதி இது. சக்கர நாற்காலியில் காலை உலா செல்ல இதைவிட இசைவான ஊர் நம்மிடையே குறைவு. எஞ்சியிருப்பவை சாலை முடிந்து நடைபாதை தொடங்கும் அந்த நான்கு அங்குலம், வீட்டு முகப்பின் இரண்டு படிகள், பூங்கா வாயிலில் மாடு நுழையாதபடி அமைக்கும் வளைந்த கம்பிகள், பொதுக் கழிப்பறையின் ஒடுங்கிய கதவு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டுவிட்டது. பொது இடங்களைத் தடையற்றவையாக்குவது கருணையால் செய்யும் செயலாக இனியும் இருக்க முடியாது.

சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் கடலருகே வரை மரப்பலகைப் பாதை அமைக்கப்பட்டபோது, கடற்கரை நகரத்திலேயே வாழ்ந்தும் அலையை அருகில் சென்று பார்த்திராத பலர் அங்கே வந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அப்பாதையைச் சேதப்படுத்தியது. அதன் பின்னர் அது செப்பனிடப்பட்டது.