சி. சுப்பிரமணியனாரும் பிறர் கைத் துலாக்கோலும்

பகைகொண்ட அண்டை வீட்டார் இருவர்க்கும் ஒருவனே கடன் கொடுப்பானாயின், அவன் எத்துணை நடுவுநிலைமை உடையனாயினும் இருவர் பழிக்கும் ஆளாவான். கடன்பட்ட இருவரும் தத்தம் உரிமையிற் சிறிது இழப்பர். ஊர்க்கு உரிய இவ்வுண்மை உலகிற்கும் உரியதே. இதனை நேரிற் கண்டு, அதற்கு மருந்துந் தேடிய பெரியார் ஒருவர் நம் கொங்கு நாட்டிற் பிறந்தவர். அவர்தம் சரிதத்தைச் சங்கத்து அன்பர்க்கும் அவர் மக்கட்கும் ஈண்டுச் சுருக்கிக் கூறப் புகுகின்றோம்.

பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையம் என்னும் சிற்றூரில், உழவர் குடியொன்றில், 1910-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 30-ஆம் நாள் சுப்பிரமணியனார் தோன்றினார். சென்னை இராசதானிக் கல்லூரியிற் பயின்று, சட்டமுங் கற்று, கோவையில் வழக்கறிஞராயினார். விடுதலைப் போரிற் சிறை புகுந்தார். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராய் இருந்தார். 1952 முதல் 1962 வரை சென்னை இராஜ்யத்தில் நிதி, கல்வி முதலிய துறைகளை நடத்தினார். பின்னர்த் தில்லி சென்று, 1964-இல் லால் பகதூர் சாஸ்திரியாரின் மந்திரி சபையில் உணவு, வேளாண்மைத் துறைகளை ஏற்றார்.

அக்காலத்து நிலைமையை ஈண்டு விளக்குதல் வேண்டும். 1954-இல் அமெரிக்கா பாக்கிஸ்தானத்தோடு படைத்துணை உடன்படிக்கை செய்து, டாங்கிகளும் விமானங்களும் அளித்து வந்தது. அவ்வாண்டே இயற்றிய பி. எல். 480 என்னும் சட்டத்தின் வழி, 1956 முதல் நமக்குக் கோதுமை தந்து, விலையை ரூபாயாகவே பெற்றது. 1962-இற் சீனர் படையெடுத்தபோது நமக்கும் போர்க்கருவிகள் அனுப்ப, பாக்கிஸ்தானம் அதனை வெறுத்தது. ஆகவே இருவரையும் ஒப்ப வைத்துக்கொள்ள அமெரிக்கா பெரிதும் முயன்றது. 1965 ஏப்ரலில் ஜனாதிபதி ஜான்சன், அயூப்கான், சாஸ்திரியார் ஆகிய இருவர்தம் வருகையையும் ஒருங்கே தள்ளிவைத்தமை இதற்குச் சான்றாகும்.

அவ்வாண்டு செப்டம்பரில் இரு நாட்டிற்கும் பெரும்போர் மூள, அமெரிக்கா இருவர்க்கும் படைக்கல உதவியை நிறுத்தியது. துலாக்கோல் ஒத்து நின்றதுபோல் தோன்றினும், உண்மை வேறு. பாக்கிஸ்தானத்தின் பேட்டன் டாங்கிகளும் சேபர் விமானங்களும் அமெரிக்கா தந்தவை. ஆதலின் இத்தடை அந்நாட்டையே மிக வருத்தியது. நம் கருவிகளோ பிரிட்டன், பிரான்சு, ருஷியா முதலிய பல நாட்டின. ஆனால் மழை பொய்த்த அவ்வாண்டில் நமக்கு இன்றியமையாதிருந்தது கோதுமை. அதனை ஜான்சன் நீண்டகால ஒப்பந்தமின்றிச் சிறிது சிறிதாகவே விடுத்தார். இங்ஙனம் ஒருவர்க்குக் கை கட்டுண்டது. மற்றவர்க்கு வயிறு கட்டுண்டது.

1965 நவம்பரில் ரோமாபுரியில், அமெரிக்க வேளாண்மை அமைச்சர் பிரீமனோடு சுப்பிரமணியனார் ஓர் உடன்பாடு கண்டார். வேளாண்மைக்கு மிகுபொருள் ஒதுக்குதலும் உரம் பெருக்குதலும் அதன் கூறுகள். அயலார்க்குப் பணிந்தார் எனப் பலர் பழித்தனர். நிபந்தனை நிபந்தனையே, அப்பழியை முற்றும் பொய்யென்று நாம் கூறோம். எனினும் அவை பெரும்பாலும் அவர் தாமே முன்னர் வகுத்த திட்டங்கள் என்பதை மறத்தலாகாது. உழவர்க்குத் தக்க விலை கிடைத்தற்பொருட்டு உணவுக் கழகமும் வேளாண் விலைக் குழுவும் அவ்வாண்டு ஜனவரியிலேயே தோன்றிவிட்டன.

1966-இல் மெக்சிக்கோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையைத் தருவித்தார். தில்லியில் தம் இல்லத்துப் புல்வெளியையும் உழுவித்து அப்புதுக் கோதுமையை விதைப்பித்தார். அதே ஆண்டில் ஒரு கோடி டன்னுக்கு மேற்பட்ட தானியம் கப்பல்களில் வந்து பல உயிர்களைக் காத்தது. இவ்வுதவியை அவர் ஒருகாலும் இகழ்ந்திலர். அது முடிவுற வேண்டும் என்றே உழைத்தார். 1964-65-இல் ஏறக்குறைய 123 லட்சம் டன்னாயிருந்த கோதுமை விளைவு, 1967-68-இல் 165 லட்சமாயிற்று. 1971-72-இல் 264 லட்சமாயிற்று. 1971 டிசம்பரிற் போர் மீண்டும் மூண்டு அமெரிக்கா பொருளுதவியை நிறுத்தியபோது, நம் வயிற்றைக் கட்டும் வன்மை அதற்கு இல்லாதொழிந்தது.

உழைத்தவர்க்கு உடனே கிடைத்தது தோல்வியே. விளைவு களத்திற்கு வருமுன், 1967 தேர்தலிற் கோபிசெட்டிபாளையத்தில் நம் கொங்கு மக்களே அவரைத் தோற்கச் செய்தனர். அவர் அதற்கு மனங்கசந்து ஒதுங்கினாரல்லர்; பின்னாளில் நிதி, பாதுகாப்பு அமைச்சராயும் மகாராஷ்டிரத்து ஆளுநராயும் பணிபுரிந்து, 1998-இற் பாரத ரத்தினம் பெற்று, 2000-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் மறைந்தார்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் பொருள்கட்கு 50 விழுக்காடு வரி விதித்து, பாக்கிஸ்தானத்திற்கு 19, வங்காள தேசத்திற்கு 20 என வகுத்தபோது, திருப்பூரிற் பின்னலாடைத் தொழிலால் வாழும் குடும்பங்கள் பிறர் கைத் துலாக்கோலின் தன்மையை மீண்டும் உணர்ந்தன. அத்துலாக்கோலை வைதலாற் பயனில்லை. ஒருவர் வாயிலையே நம்பியிராது பல வாயில்களை நாடுதலும், நம் தொழிற்றிறனை நாளும் பெருக்குதலுமே அப்பெரியார் வாழ்க்கை நமக்குக் காட்டும் நெறியாம். உதவி கொள்ளுதல் இழுக்கன்று. அவ்வுதவியை என்றும் வேண்டி நிற்றலே இழுக்கு.