சிலேடைப் புலவர் காளமேகம்

பொள்ளாச்சிக்கு மேற்கே, தமிழ்நாடு முடிந்து பாலக்காட்டுச் சீமை தொடங்கும் கோபாலபுரம் எங்கள் ஊர். எல்லையின் ஒரு புறத்தில் 'வெள்ளம்' வருகிறது என்றால் ஓடிச் சென்று மேடேற வேண்டும். மறு புறத்தில் அதே சொல்லைக் கேட்டால் குடிக்கக் குவளையை நீட்ட வேண்டும். ஒரு சொல்லுக்கு இரு பொருள் உண்டு என்பதை நாங்கள் ஏட்டில் கற்கவில்லை, தெருவில் கற்றோம். நான் பள்ளியில் படித்தது மலையாள வழி. தமிழ் எனக்குக் காது வழியாக வந்த மொழி. அதனாலேதான் போலும், தமிழ்ப் புலவருள் முதன்முதல் என்னை ஈர்த்தவர், காதுக்கென்றே பாடிய காளமேகம்.

நண்பர்களே! அவர் வாழ்ந்தது 15ஆம் நூற்றாண்டு. பிறந்த ஊர் கும்பகோணத்தை அடுத்த நந்திபுர விண்ணகரம் என்பர் சிலர். எண்ணாயிரம் என்பர் வேறு சிலர். பெற்றோர் இட்ட பெயர் வரதன். வைணவக் குடியில் பிறந்து, திருவரங்கத்துக் கோயில் மடைப்பள்ளியில் பணி செய்து வந்த இளைஞர். அருகிலுள்ள திருவானைக்காச் சிவன் கோயிலில் ஆடிப் பாடிய மோகனாங்கி என்னும் நங்கைமீது அவருக்குக் காதல் பிறந்தது. மார்கழியில் திருவெம்பாவை பாடிய தோழியர், வைணவன் ஒருவனை விரும்பிக்கொண்டு இப்பாட்டைப் பாடலாமா என்று அவளை எள்ளி நகையாடினராம். அன்று இரவு அவள் கதவு திறக்கவில்லை. வரதன் சைவரானார்.

பிறகு அன்னை அகிலாண்டேசுவரி தாம்பூலத்தை அவர் வாயில் உமிழ்ந்தாள் என்றும், அன்று முதல் கருமேகம் மழை பொழிவதுபோல் கவி பொழிந்தமையால் காளமேகம் எனப் பெயர் பெற்றார் என்றும் கதை நடக்கிறது. ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாயுடன் பழகும் நான் இதை எப்படிக் கொள்வது? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஒரு கோயிலில் திவ்வியப் பிரபந்தமும் மறு கோயிலில் தேவாரமும் கேட்டு வளர்ந்த காது அவருடையது. இரண்டு வழக்குகளைத் தன்னுள் கொண்டவனுக்குச் சொல் இரண்டாகப் பிளப்பது எளிது. எல்லையில் பிறந்தவர்களுக்கு இது விளங்கும்.

அவர் சிலேடைகளில் பாம்பும் வாழைப்பழமும் ஒன்றாகும். நாயும் தேங்காயும் ஒன்றாகும். வைக்கோலும் யானையும் ஒன்றாகும். எப்படி? 'களம்' என்பது நெல்லடிக்கும் களமும் ஆகும், போர்க்களமும் ஆகும். 'போர்' என்றால் சண்டை, வைக்கோற்போரும் போர்தான். 'கோட்டை' அரசன் அரணாகவும் நெல்லின் அளவாகவும் நிற்கும். யானையும் வைக்கோலும் ஒரே சொற்களுக்குள் இடிபடாமல் புகுந்து வெளிவருகின்றன. அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கத்துக் களத்தில் நின்று இதை நினைத்தால் சிரிப்பு வராமற் போகாது.

சீனத்திலும் இத்தகைய விளையாட்டு மிகப் பழைமையானது. விளக்குத் திருவிழாவில் விளக்குகளில் விடுகதை எழுதித் தொங்கவிடுவது அந்நாட்டு வழக்கம். மிகப் பழைய கதையொன்று ஒரு கல்வெட்டின் பின்புறம் பொறித்த எட்டு எழுத்துக்களைப் பற்றியது. மஞ்சள் பட்டு, இளம்பெண், மகள் வயிற்றுப் பேரன், காரம் இடிக்கும் உரல் என்பவை மட்டுமே அதில் இருந்தன. சாவ் சாவ் என்னும் தலைவனுடன் சென்ற யாங் ஷியு பார்த்தவுடனே விடை கண்டானாம். தலைவனுக்கோ முப்பது லீ தூரம் நடந்த பிறகே புலப்பட்டதாம். 'இளமை' என்னும் எழுத்தையும் 'பெண்' என்னும் எழுத்தையும் அருகருகே வைத்தால் 'வியத்தகு' என்னும் எழுத்தாகும். இப்படியே நான்கையும் கூட்டினால் ஈடற்ற நற்சொற்கள் என்று பொருள் வரும். சீனர் எழுத்தின் வடிவத்தைப் பிரித்துக் கூட்டினர். நம்மவர் ஒலியைப் பிரித்துக் கூட்டினர். அந்த யாங் ஷியுவை அதே தலைவன் 219இல் கொன்றான். சொல்விளையாட்டு அரசவைக்குள் புகுந்தால் சில வேளை தலையைக் கேட்கும் போலும்!

காளமேகத்திடமும் கேட்டது. திருமலைராயன் என்னும் சிற்றரசன் ஆண்ட திருமலைராயன்பட்டினம் இன்று காரைக்கால் பகுதியில் உள்ளது. அவன் அவையில் அதிமதுரகவி என்னும் தலைமைப் புலவரும் அறுபத்து நான்கு தண்டிகைப் புலவர்களும் வீற்றிருந்தனர். காளமேகம் சென்றபோது ஒருவரும் இருக்கை தரவில்லை. கவி என்று செருக்கியவர்களை அவர் ஏற இறங்கப் பார்த்தார். 'கவி' என்றால் குரங்கும் ஆகுமன்றோ? அப்படியானால் வாலெங்கே, நகமெங்கே என்று பாடிக் கேட்டுவிட்டார். பிறகு சும்மா விடுவார்களா? யமகண்டம் பாடச் சொன்னார்கள். தீ எரியும் குழிக்கு மேல் உறியில் அமர வேண்டும். கழுத்திலும் இடுப்பிலும் கத்திகள் இருக்கும்; அவற்றின் சங்கிலிகள் யானைகளிடம் இருக்கும். புலவர்கள் மாறி மாறிக் கேட்பதற்கெல்லாம் உடனுக்குடன் பாட வேண்டும். தடுமாறினால் யானைகள் இழுக்கும். நம் பல்கலைக்கழக வாய்மொழித் தேர்வு எவ்வளவோ மேல்!

ஈ ஏறியதால் மலை குலுங்குவதாகப் பாட முடியுமா என்றார்கள். அவர் சிறிதும் அசையவில்லை. யசோதை மத்தால் அடித்த புண்ணில் ஈ மொய்த்தபோது கண்ணன் துடித்தான். அவனுள் அடங்கிய மலையும் கடலும் திசையானைகளும் நடுங்கின என்று வெண்பாவை முடித்தார். தீயின்மேல் உட்கார்ந்து ஈயைப் பற்றி இவ்வளவு அழகாக எண்ணியவரை என்னென்பது! திருமாலின் பத்துப் பிறவிகளையும் அரை வெண்பாவில் அடக்கிய பாடலும் அவருடையதே. மீன், ஆமை என வரிசையாகப் பெயர்கள் நெருங்கி வரும் அப்பாட்டில் 'கோபாலா' என்றொரு விளி உண்டு. எங்கள் ஊர்ப்பெயரில் பாதி அங்கே ஒளிந்திருப்பது கண்டு நான் மகிழ்ந்தேன்.

வென்ற பிறகும் அரசன் சிறப்புச் செய்யவில்லையென, ஊர் மண்மாரியால் அழிக என்று வசை பாடிப் போனார் என்பர். அவருடைய வசைப் பாடல்களை நான் முற்றும் போற்றவில்லை. சில பலர் முன் படிக்கத் தகாதவை. அதிமதுரகவியும் கதைகளில் காட்டும் அளவுக்கு அற்பராக இருந்திருக்க மாட்டார். தோற்றவர் பக்கத்துக் கதையைச் சொல்ல யாரும் எஞ்சவில்லை, அவ்வளவே.

ஆனால் வசையையே வாழ்த்தாக மாற்றவும் அவர் வல்லவர். நாகைப்பட்டினத்துக் காத்தான் சத்திரத்தில் பசியோடு காத்திருந்து, சூரியன் மறையும்போது அரிசி வரும், இலையில் சோறு விழும்போது விடிவெள்ளி எழும் என்று பாடினார். காத்தான் கலங்கி வேண்டவே, சொல்லை மாற்றாமல் பொருளை மாற்றினார். நாட்டில் அரிசி அற்றுப்போன பஞ்ச காலத்திலும் இங்கே அரிசி வரும். ஓர் அகப்பைச் சோற்றின் வெண்மைக்கு வெள்ளியும் நாணும் என்றாராம்.

அறிவியல் மாணவனாகிய என்னைக் கட்டிப்போட்டது வேறொரு வெண்பா. காஞ்சியில் ஒற்றை மாமரத்தின் கீழ் உள்ள ஏகம்பனை முதுமை வருமுன் ஓது என்பதே அதன் பொருள். கோலூன்றி மூன்று காலால் நடக்குமுன், முன்தலை நரைக்குமுன், காலனின் தூதரைக் கண்டு அஞ்சுமுன், விக்கி இருமுமுன், சுடுகாட்டுக்குப் போகுமுன் என்று அது செல்கிறது. காதைக் கொடுத்தால் உள்ளே எண்கள் ஒலிக்கின்றன. முக்கால், அரை, கால், அரைக்கால், இருமா, மாகாணி, ஒருமா! அதாவது 3/4, 1/2, 1/4, 1/8, 1/10, 1/16, 1/20. ஒவ்வொன்றும் முன்னதினும் சிறியது. மனிதனின் ஆயுள் தேய்வதைச் சொல்லும் பாட்டில் எண்களும் தேய்கின்றன. இதை நான் புத்தகத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தபோது ஒன்றும் விளங்கவில்லை. மாகாணி எவ்வளவு என்பதே எனக்குத் தெரியாது. தசமப் புள்ளிதான் தெரியும். விடுமுறையில் ஊருக்குப் போய் எங்கள் அப்பாருவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கையெழுத்துப் போடத் தெரியாதவர். இரண்டாம் முறை வாசிக்கவிடவில்லை. அடடா, கணக்கு இறங்கிக்கிட்டே வருதே என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

திருவானைக்கா உலா, சரசுவதி மாலை, சித்திரமடல் ஆகியனவும் காளமேகம் பாடியவையே. ஆனால் மக்கள் நாவில் நின்றவை தனிப்பாடல்களே. 19ஆம் நூற்றாண்டில் பொன்னுசாமித் தேவர் வேண்ட, தில்லையம்பூர்ச் சந்திரசேகர கவிராச பண்டிதர் தொகுத்த தனிப்பாடற்றிரட்டில் அவை அச்சேறின.

ஒருமாவுக்குப் பின் அவ்வெண்பா 'கீழரை' என்று முடிகிறது. மரத்தின் கீழிருப்பவரை என்பது பொருள். அதற்கும் கணக்கு உண்டா என்று அப்பாருவைக் கேட்டேன். அதுவரை தாம் இறங்கியதில்லை என்றார். பிறகு பழைய எண்சுவடி ஒன்றில் பார்த்தேன். 1/640.