துன்பத்தை ஏற்றார், அநீதியை ஏற்றாரில்லை: வேதசாட்சி அர்ச். தேவசகாயத்தின் சரித்திரம்



நம் வீடுகளில் புதுப்பானை பொங்குகிற தைத் திருநாளும், திருச்சபை அர்ச். தேவசகாயத்தை நினைவுகூருகிற ஜனவரி 14-ம் தேதியும் பல வருஷங்களில் ஒரே நாளில் வருகின்றன. 1752-ம் ஆண்டு அந்தத் தேதியில்தான் ஆரல்வாய்மொழிக் காட்டிலே அவர் துப்பாக்கிக்கு இரையானார். அப்போது அவருக்கு வயது 39. அவர் குருவானவருமல்ல, சந்நியாசியுமல்ல. மனைவியும் வீடும் நிலமும் உத்தியோகமும் உடைய இல்லறத்தார். நம்மைப்போன்ற குடும்பஸ்தராகிய அவருடைய சரித்திரத்தை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வது நம் கடமை. துன்பத்தைப் பொறுப்பது எது, அநீதிக்கு உடன்படுவது எது என்ற வேற்றுமையை அவர் வாழ்க்கையைப்போல் தெளிவாகக் காட்டுவது வேறொன்றில்லை.

பிறப்பும் உத்தியோகமும்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அக்காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. அங்கே நட்டாலம் என்னும் சிற்றூரில் 1712-ம் ஆண்டு ஏப்ரல் 23-ம் தேதி இவர் பிறந்தார். தந்தை வாசுதேவன் நம்பூதிரி, தாய் தேவகி அம்மாள். பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். நாயர் குலத்தில் செல்வாக்கோடு வளர்ந்த அவர் தமிழ், மலையாளம், சமஸ்கிருதம் ஆகிய மொழிகளைக் கற்றதோடு, ஆயுதப் பயிற்சியும் பெற்றார். பத்மநாபபுரத்தில் நீலகண்டசுவாமி கோயில் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அரண்மனையிலும் நல்ல மதிப்பு இருந்தது. பார்கவி அம்மாளை மணந்தார்.

அப்பொழுது நாட்டை ஆண்டவர் மார்த்தாண்டவர்மா மகாராஜா. 1741-ல் குளச்சல் கடற்கரையில் அவருடைய சேனை ஒல்லாந்தரை முறியடித்தது. பிடிபட்டவர்களுள் எஸ்தாக்கி டிலனாய் என்னும் கத்தோலிக்க அதிகாரியும் ஒருவர். அவருடைய திறமையைக் கண்ட மகாராஜா அவரைத் தண்டியாமல் தம் சேனைக்குப் பயிற்சி கொடுக்க வைத்துக்கொண்டார். உதயகிரிக் கோட்டையில் வசித்த டிலனாய்க்கும் நீலகண்டனுக்கும் பழக்கம் உண்டாயிற்று. பழக்கம் சிநேகமாயிற்று.

துன்பம் எழுப்பிய கேள்வி

அந்நாட்களில் நீலகண்டனுடைய வீட்டில் நஷ்டத்தின்மேல் நஷ்டம் வந்தது. மாடுகள் மடிந்தன, பயிர் பொய்த்தது. என்ன பாவம் செய்தோம், எந்தத் தெய்வக் குற்றம் நம்மைத் தொடர்கிறது என்று அவர் மனம் சோர்ந்து போனார். அந்த வேளையில்தான் டிலனாய் அவருக்கு வேதாகமத்திலுள்ள யோபுவின் சரித்திரத்தைச் சொன்னார்.

யோபு நீதிமான். ஆயினும் ஆஸ்தியையும் பிள்ளைகளையும் சரீர சுகத்தையும் இழந்தார். ஆறுதல் சொல்ல வந்த சிநேகிதர்கள், நீ பாவம் செய்திருக்கிறாய், ஆகையால்தான் சர்வேசுரன் தண்டிக்கிறார் என்று வாதித்தார்கள். யோபு அதை ஒப்புக்கொள்ளவில்லை. தம் நியாயத்தைச் சர்வேசுரனிடமே எடுத்துரைத்தார். முடிவில் சர்வேசுரன் கடிந்துகொண்டது யோபுவின் சிநேகிதர்களையே. துன்பப்படுகிறவன் யாவனும் தண்டிக்கப்படுகிறவன் என்ற எண்ணம் தவறு என்பதே அந்த ஆகமத்தின் பெரிய படிப்பினை.

இந்தச் சரித்திரம் நீலகண்டனின் உள்ளத்தைத் தொட்டது. குற்றமற்ற ஒருவர் துன்பப்படக்கூடும் என்றால், குற்றமே இல்லாத சேசுநாதர் சிலுவையில் பட்ட பாடு என்ன என்று அவர் விசாரிக்கத் தொடங்கினார். டிலனாய் அவரை வடக்கன்குளத்திலிருந்த சேசுசபைக் குருவாகிய புத்தாரி சுவாமியாரிடம் அனுப்பினார். வடக்கன்குளம் திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால் திருநெல்வேலிச் சீமையில் உள்ள ஊர். சுவாமியார் அவசரப்படாமல் அவரைச் சோதித்துப் பார்த்தார். 1745-ம் ஆண்டு மே மாதம் 14-ம் தேதி அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்து, லாசர் என்ற பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று சூட்டினார். பின்னர் மனைவியும் மெய்ம்மறையைத் தழுவி, ஞானப்பூ என்னும் பெயர் பெற்றார்.

குற்றம் என்ன?

நாலு வருஷங்களுக்குப் பின், 1749-ம் ஆண்டு பிப்ரவரி 23-ம் தேதி, தேவசகாயம் கைது செய்யப்பட்டார். அவர்மேல் சாட்டப்பட்டது ராஜத்துரோகம். இங்கே நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். மார்த்தாண்டவர்மா மகாராஜா கிறிஸ்தவர் எல்லாரையும் பகைத்தவரல்லர். டிலனாய் கடைசிவரை கத்தோலிக்கராகவே அவர் சேனையில் இருந்தார். உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே கோயில் எழும்பிற்று. கடற்கரை ஊர்களில் அர்ச். சவேரியார் காலந்தொட்டுக் கிறிஸ்தவர்கள் வாழ்ந்து வந்தார்கள். அப்படியிருக்க, இந்த ஒருவர்மேல் மட்டும் ஏன் இத்தனை கோபம்?

அந்நிய நாட்டான் கிறிஸ்தவனாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஏழை மீனவன் கிறிஸ்தவனானாலும் பெரியோர் கவலைப்படவில்லை. ஆனால் அரண்மனையில் மதிப்புப் பெற்ற ஓர் உயர்குலத்தார், தாழ்ந்தவர் என்று தள்ளப்பட்டவர்களோடு கூடி உட்கார்ந்து, அவர்களோடு உண்டு, சர்வேசுரன் முன்னிலையில் எல்லாரும் சமம் என்று போதிக்கத் தொடங்கியபோது நாட்டின் கட்டுக்கோப்பே அசைந்தது. அக்காலத்தில் சில சாதியார் தெருவில் நடக்கவும் பயப்பட்டார்கள். கூலியின்றி ஊழியம் செய்தார்கள். அடிமைகளாக விற்கப்பட்டவர்களும் உண்டு. திருவிதாங்கூரில் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது 1855-ல்தான். கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936-ல்தான். இவற்றுக்கெல்லாம் நூறு, இருநூறு வருஷங்களுக்கு முன்னே தேவசகாயம் சமபந்தியில் உட்கார்ந்தார். இதைப் பலர் மன்னிக்கவில்லை.

பழைய மதத்துக்குத் திரும்பினால் பழைய உத்தியோகமும் மரியாதையும் கிடைக்கும் என்று அவருக்கு ஆசை காட்டப்பட்டது. அவர் இணங்கவில்லை.

மூன்று வருஷப் பாடுகள்

அன்றுமுதல் ஏறக்குறைய மூன்று வருஷம் அவர் பட்ட பாடு சொல்லி முடியாது. கைகளைப் பின்னே கட்டி, கழுத்தில் எருக்கம்பூ மாலை போட்டு, எருமைக் கடாவின்மேல் பின்புறம் பார்க்க உட்காரவைத்து, ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். மற்றவர்கள் பயப்படவேண்டும் என்பதே அதன் நோக்கம். அன்றாடம் பிரம்படி. அடிபட்ட புண்களில் மிளகாய்ப்பொடி. தாகத்துக்கு நாற்றமெடுத்த தண்ணீர். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் வாடி அவர் முட்டியால் பாறையை இடிக்க, அங்கே தண்ணீர் சுரந்தது என்று மக்கள் பரம்பரையாகச் சொல்லிவருகிறார்கள். முட்டிடிச்சான்பாறை என்று இன்றும் அந்த இடத்துக்குப் பெயர். பெருவிளையில் அவரை வேப்பமரத்தில் கட்டி மாதக்கணக்காக வெயிலிலும் மழையிலும் விட்டுவைத்தார்கள்.

பயமுறுத்துவதற்காகச் செய்த காரியம் வேறு பலன் தந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அவருடைய பொறுமையைக் கண்டு, அவரிடம் ஜெபம் கேட்கத் தொடங்கினார்கள். காவலர்களே மனமிரங்கித் தப்பிப்போகும்படி சொன்னார்கள் என்றும், அவர் மறுத்துவிட்டார் என்றும் சொல்லப்படுகிறது. அவர் தம்மை அடித்தவர்களைச் சபிக்கவில்லை. ஆனால் தாம் செய்தது குற்றம் என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ளவுமில்லை.

கடைசியில் அவரை ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுபோனார்கள். மதுரை, திருநெல்வேலி வழியாக ரயிலில் நாகர்கோயிலுக்குப் போகிறவர்கள் மலைகளுக்கிடையே பலத்த காற்று வீசும் அந்தக் கணவாயைக் கண்டிருப்பீர்கள். அங்குள்ள காற்றாடிமலையில் 1752 ஜனவரி 14-ம் தேதி அவரைச் சுட்டுக்கொன்று, சரீரத்தைக் காட்டில் எறிந்தார்கள். மிஞ்சிய எலும்புகளைக் கிறிஸ்தவர்கள் சேகரித்துக் கோட்டாறு அர்ச். சவேரியார் கோயிலில் அடக்கம் செய்தார்கள். செய்தி கேட்ட கொச்சி மேற்றிராணியார் துக்கப் பாட்டுக்குப் பதிலாகத் தேவனுக்குத் தோத்திரம் பாடச் செய்தார். 1756-ல் உரோமாபுரிக்கும் இதைப்பற்றி எழுதினார்.

ஞானப்பூ அம்மாளை நாம் மறந்துவிடலாகாது. கணவரை இழந்தபின் சொந்த ஊரைவிட்டு வடக்கன்குளத்தில் அடைக்கலம் புகுந்து, 1766-ல் மரிக்கும்வரை விசுவாசத்தில் நிலைத்திருந்தார். அவருடைய துன்பத்துக்குக் கூட்டமும் கூடவில்லை, மாலையும் விழவில்லை. ஆயினும் அதுவும் வேதசாட்சியமே.

திருச்சபைக்கும் ஒரு பாடம்

தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் பிற்காலத்தில் நடந்தது நம்மைத் தலைகுனியச் செய்கிறது. சாதிப் பிரிவினையின் நிமித்தம் கோயிலுக்குள்ளேயே மக்கள் பிரிந்து நின்றார்கள். 1872-ல் எழும்பிய கோயில் ஒரே பீடத்தை நோக்கி இரண்டு தனிக் கூடங்களாகக் கட்டப்பட்டிருந்தது. ஒரே பூசை, ஒரே சற்பிரசாதம், ஆனால் நடுவே தடுப்பு! 1910-ல் குசானல் சுவாமியார் அந்தத் தடுப்பை இடித்தார். வழக்கு உயர் நீதிமன்றம்வரை போயிற்று. பிரிவினை கேட்டவர்கள் வெல்லவில்லை. வேதசாட்சியின் இரத்தம் சிந்தியும், சாதி நம்மை விட்டுத் தானாக ஓடிவிடவில்லை என்பதற்கு இது சாட்சி.

மனச்சாட்சியின் சுதந்தரமும் அப்படியே மெதுவாகத்தான் ஏற்றுக்கொள்ளப்பட்டது. மதத்தை மாற்றிக்கொள்வதும் மனித உரிமையே என்று ஐக்கிய நாடுகள் சபை 1948 டிசம்பர் 10-ம் தேதி பிரகடனம் செய்தது. 1950-ல் அமலுக்கு வந்த நம் அரசியல் சாசனத்தின் 17-ம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 25-ம் பிரிவு மனச்சாட்சியின் சுதந்தரத்தை உறுதி செய்தது. 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், விசுவாசத்தில் யாரையும் வற்புறுத்தலாகாது என்று போதித்ததோடு, கிறிஸ்தவர்களும் சில காலங்களில் இதற்கு விரோதமாக நடந்ததை ஒப்புக்கொண்டது. நமக்குச் சுதந்தரம் கேட்கிறவர்கள் பிறருக்கும் அதைக் கொடுக்கவேண்டும் அல்லவா?

நமது சேலம் மேற்றிராசனம் ஏற்பட்ட அதே 1930-ல்தான் கோட்டாறு மேற்றிராசனமும் ஏற்பட்டது. அங்கே நாகர்கோயிலில் 2012 டிசம்பர் 2-ம் தேதி தேவசகாயம் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். 2022 மே 15-ம் தேதி பிரான்சிஸ் பாப்பரசர் உரோமையில் அவரை அர்ச்சிஷ்டராக உயர்த்தினார். இந்தியாவின் முதல் இல்லறத்து அர்ச்சிஷ்டர் அவரே. அப்பொழுது அவருடைய பெயரோடு ஒட்டியிருந்த சாதிப்பட்டம் நீக்கப்பட்டு, ஞானஸ்நானத்தில் பெற்ற தேவசகாயம் என்னும் பெயர் மட்டும் நின்றது. அதுவே பொருத்தம்.

நாம் செய்யவேண்டியது

தேவசகாயம் தமக்கு வந்த துன்பத்தைப் பொறுத்தார். பிறருக்கு இழைக்கப்பட்ட இழிவைப் பொறுத்துக்கொண்டாரில்லை. நாமோ பலமுறை இதைத் தலைகீழாகச் செய்கிறோம். நமக்கு ஒரு சொல் பட்டால் கொதிக்கிறோம். அயலானுக்கு அநியாயம் நடந்தால், அவன் சிலுவை அது, பொறுக்கட்டும் என்கிறோம்.

நோயாளி உள்ள வீட்டுக்குப் போய், என்ன பாவமோ என்று முணுமுணுக்கிறவர்கள் யோபுவின் சிநேகிதர்களைப்போல் பேசுகிறார்கள். குடிகாரக் கணவனிடம் அடிபடும் பெண்ணைப் பார்த்து, பொறுத்துப்போ என்று மட்டும் சொல்லித் திரும்புகிறவர்கள் அவளுடைய சிலுவையின் பாரத்தைக் கூட்டுகிறார்கள். அவளுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு, அவனுக்கு வேண்டியது கண்டிப்பு. வீட்டு வேலைக்கு வருகிறவளுக்குத் தனி டம்ளர் வைக்கிறவர்களும், கூலியைக் குறைத்துக் கொடுக்கிறவர்களும், கல்லறையிலும் சாதி பார்க்கிறவர்களும் எந்த முகத்தோடு இந்த வேதசாட்சியிடம் மன்றாட முடியும்?

இந்தத் தைத் திருநாளில் பொங்கல் பகிரும்போது, இதுவரை நாம் போகாத ஒரு வீட்டுக்கும் போவோம். நம் குடும்ப ஜெபத்தில் அர்ச். தேவசகாயத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லி, நமக்கு வரும் துன்பத்தில் பொறுமையையும், பிறர் துன்பத்தில் துணிவையும் அவர் நமக்குப் பெற்றுத்தரும்படி மன்றாடுவோமாக.