ஆர்தர் கோக் பர்னெல்

ஆர்தர் கோக் பர்னெல் (ஜூலை 11, 1840 – அக்டோபர் 12, 1882) சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஆங்கிலேய நீதிபதியும், சமசுகிருதத்திலும் திராவிட மொழிகளிலும் புலமை பெற்ற அறிஞரும் ஆவார். இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயரின் பேச்சில் கலந்த சொற்களின் பொருளையும் பிறப்பையும் விளக்கும் 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் அகரமுதலியை ஹென்றி யூலுடன் இணைந்து தொகுத்தவர். அந்நூல் அச்சாகி வெளிவரும் முன்பே இவர் காலமானார்.

வாழ்க்கைச் சுருக்கம்

பர்னெல் இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயர் பகுதியிலுள்ள செயின்ட் பிரியவெல்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் கற்று, இந்தியக் குடிமைப் பணிக்குத் தேர்வாகி, 1860 இல் சென்னை வந்தார். மங்களூர், தஞ்சாவூர் முதலிய இடங்களில் நீதித்துறைப் பதவிகளை வகித்தார். பணிபுரிந்த ஊர்களில் எல்லாம் ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். அவ்வாறு திரட்டிய சுமார் 350 சுவடிகளை 1870 இல் இலண்டனிலிருந்த இந்திய அலுவலக நூலகத்திற்கு வழங்கினார்.

1874 இல் வெளியான இவரது தென்னிந்தியத் தொல்லெழுத்தியல் நூல், தமிழ், கிரந்தம், வட்டெழுத்து முதலிய எழுத்துகளின் வரலாற்றை ஆராய்ந்த முன்னோடி நூல்களுள் ஒன்றாகும். தஞ்சை அரண்மனையில் இருந்த சமசுகிருதச் சுவடிகளுக்கு இவர் உருவாக்கிய வகைப்படுத்திய அட்டவணை 1880 இல் நிறைவுற்றது. அச்சுவடிகள் இன்று தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன.

ஹாப்சன்-ஜாப்சன்

வங்காளப் பொறியாளர் படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஹென்றி யூல், அந்நாளில் இத்தாலியின் பலெர்மோ நகரில் வாழ்ந்து வந்தார். இருவரும் அதற்கு முன் ஒரே ஒருமுறை சந்தித்திருந்தனர். 1872 அளவில் பர்னெல் தாம் ஆங்கிலோ-இந்தியச் சொற்களைத் திரட்டி வருவதைக் கடிதத்தில் தெரிவித்தார். யூலும் அதே முயற்சியில் இருந்தமையால் இருவரும் இணைந்து பணியாற்ற முடிவு செய்தனர். தஞ்சாவூரிலிருந்து சென்ற கடிதங்கள் வழியாகவே நூல் வளர்ந்தது. இதற்காகப் பர்னெல் அரிய பழைய நூல்களைத் தம் சொந்தச் செலவில் வாங்கினார்.

ஒரு சொல்லின் ஒலியை மட்டும் கொண்டு அதன் பிறப்பை முடிவு செய்வதில்லை என்பதே இந்நூலின் சிறப்பு. பயணக் குறிப்புகள், வணிகக் கடிதங்கள், போர்த்துக்கேய வரலாற்று நூல்கள் ஆகியவற்றில் அச்சொல் ஆளப்பட்ட இடங்கள் கால வரிசையில் தரப்பட்டுள்ளன. 'கூலி' என்பது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இது தமிழ்ச் சொல்லே எனத் தோன்றினும், மேற்கிந்தியாவின் கோலி இனத்தாரின் பெயரே இதன் மூலம் என இந்நூல் கருதுகிறது. ஊதியத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொல் அதனுடன் கலந்திருக்கக்கூடும் என்பதையும் குறிப்பிடுகிறது.

தமிழ்ச் சொற்கள்

கட்டுமரம் 'கேட்டமரான்' எனவும், சுருட்டு 'செரூட்' எனவும், மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' எனவும் ஆங்கிலத்தில் வழங்கியதை இந்நூல் விளக்குகிறது. 'கேஷ்' என்னும் பழைய சிறு நாணயப் பெயர் 'காசு' என்பதிலிருந்து போர்த்துக்கேயர் வழியாக வந்தது. ரொக்கப் பணத்தைக் குறிக்கும் அதே ஒலியுடைய ஆங்கிலச் சொல் வேறு. இன்று அரிதாகிவிட்ட சொற்களும் பல உள்ளன. படைப்பிரிவின் சிறு சிறைக்கூடம் 'காஞ்சி வீடு' எனப்பட்டது. அங்கு அடைக்கப்பட்டோருக்குக் கஞ்சியே உணவு என்பதால் அப்பெயர் ஏற்பட்டது. இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையோரம் மன்னார் வளைகுடாவில் குளித்து எடுக்கப்படும் சங்கு 'சாங்க்' என்ற பெயரில் இடம்பெற்றுள்ளது. சங்கு குளித்தல் முன்னர் அரசின் தனியுரிமையாக இருந்த செய்தியும் அப்பதிவில் உண்டு.

மறைவு

மிகுதியான உழைப்பாலும் தட்பவெப்பநிலையாலும் பர்னெலின் உடல்நலம் குன்றியது. இங்கிலாந்து திரும்பிய பின்னரும், இறந்த ஆண்டின் கோடைக்காலம் வரை யூலுக்குச் சொற்களைப் பற்றி எழுதி வந்தார். 1882 இல் ஹாம்ப்ஷயரின் வெஸ்ட் ஸ்ட்ராட்டன் என்னும் ஊரில் தமது 42 ஆம் அகவையில் காலமானார். இவர் முடிக்காமல் விட்ட மனுநூல் மொழிபெயர்ப்பை எட்வர்ட் ஹாப்கின்ஸ் நிறைவு செய்து 1884 இல் வெளியிட்டார்.

அகரமுதலியைத் தனித்து நிறைவு செய்யும் பொறுப்பு யூலைச் சேர்ந்தது. முகரம் ஊர்வலத்தில் அசன், உசேன் ஆகியோரின் பெயர்களைச் சொல்லி எழுப்பும் புலம்பலை ஆங்கிலப் படைவீரர் திரித்து வழங்கிய 'ஹாப்சன்-ஜாப்சன்' என்பதே நூலின் பெயராயிற்று. 1886 இல் நூல் வெளிவந்தபோது இருவர் பெயரும் அதில் இடம்பெற்றன. நூலின் பெரும்பகுதியை எழுதியவர் தாமே என்றாலும், பக்க அளவைக் கொண்டு பர்னெலின் பங்கை மதிப்பிடலாகாது என யூல் முன்னுரையில் பதிவு செய்தார். வில்லியம் குரூக் திருத்திய இரண்டாம் பதிப்பு 1903 இல் வெளியானது.

அயல்மொழித் தொடரைத் தம் மொழியின் ஒலிக்கேற்ப மாற்றி வழங்குவதைக் குறிக்க, மொழியியலாளர் 'ஹாப்சன்-ஜாப்சன் விதி' என்னும் பெயரைப் பயன்படுத்துகின்றனர்.