விகிதங்களின் ஆசான் பெஞ்சமின் கிரகாம்

வணிகவியல் மாணவர்க்கு விகிதப் பகுப்பாய்வு என்றதும் நினைவுக்கு வருவது தேர்வுத்தாளின் ஒரு கணக்கே. நடப்புச் சொத்துகளை நடப்புப் பொறுப்புகளால் வகுத்து, விடை 2:1 என வந்துவிட்டால் நிறுவனத்தின் நிலை நன்று என்று ஒரு வரி எழுதி அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறோம். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலையும், அதை நம்பிப் பணம் போட்ட குடும்பங்களும் இருப்பது அப்போது நம் கண்ணில் படுவதில்லை. அதைத் தன் வாழ்நாள் முழுதும் கண்டவர் ஒருவர் உண்டு. அவர்தாம் பெஞ்சமின் கிரகாம்.

அவர் 1894ஆம் ஆண்டு மே மாதத்தில் இலண்டன் மாநகரில், கிராஸ்பாம் என்னும் யூதக் குடும்பத்தில் பிறந்தார். அவருக்கு ஒரு வயதாகும்போதே குடும்பம் நியூயார்க்கில் குடியேறியது. தந்தையார் பீங்கான் பொருள் வணிகர். வணிகம் செழித்திருந்த காலத்தில் வீட்டில் சமையலாள், பணிப்பெண் எல்லாம் இருந்தனர். 1903இல் தந்தையார் காலமானார். அதன்பின் வணிகம் நொடித்தது. தாயார் வீட்டையே உணவு விடுதியாக்கிப் பார்த்தார், அதுவும் ஓடவில்லை. எஞ்சியிருந்த சிறு சேமிப்பைக் கொண்டு, பெரும்பகுதி விலையைத் தரகரிடம் கடனாக வைத்து, யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தின் சில பங்குகளை வாங்கினார். 1907ஆம் ஆண்டு நியூயார்க் பங்குச் சந்தையில் பெரும் பீதி கிளம்பிற்று. அந்தச் சேமிப்பும் கரைந்தது. பங்கு என்பது விலைச்சீட்டு மட்டுமன்று என்பதை அந்தச் சிறுவன் பாடநூலில் படித்து அறியவில்லை.

படிப்பில் அவர் சூரர். ஆயினும் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் உதவித்தொகை முதலில் அவருக்குக் கிட்டவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் படித்த ஒன்றுவிட்ட சகோதரரின் பெயரும் கிராஸ்பாம் என்றிருந்ததால் அலுவலகத்தில் ஏடுகள் மாறிப்போயின. குழப்பம் தெளியும்வரை சில மாதங்கள் கூலி வேலை செய்துகொண்டிருந்தார். (விண்ணப்பப் படிவத்தில் தலைப்பெழுத்து மாறிப்போய் அலைந்த நண்பர்கள் இதைப் படித்து ஆறுதல் அடையலாம்.) 1914இல் பட்டம் பெற்றபோது வகுப்பில் இரண்டாமவர். தத்துவம், கணிதம், ஆங்கிலம் ஆகிய மூன்று துறைகளும் அவரை ஆசிரியப் பணிக்கு அழைத்தன. மூன்றையும் விடுத்து வாரம் 12 டாலர் ஊதியத்தில் வால் ஸ்டிரீட் தரகு நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். குடும்பச் சுமைக்கு அதுவே வழியெனத் தோன்றியது. முதல் உலகப் போரின்போது செர்மானியப் பெயர்கள் மீது வெறுப்பு மூண்டிருந்ததால், குடும்பத்தார் 1917இல் கிரகாம் என்று பெயரை மாற்றிக்கொண்டனர்.

அக்காலத்து வால் ஸ்டிரீட்டில் பங்கு வாங்குவோர் இருப்புநிலைக் குறிப்பைப் பார்ப்பது அரிது. யார் வாங்குகிறார், யார் விற்கிறார், உள்ளே இருப்பவர்க்கு என்ன தெரியும் என்பனவே பேச்சு. நிறுவனங்களும் விவரங்களை வெளியிட விரும்புவதில்லை. சில நிறுவனங்களின் ஆண்டறிக்கை இரண்டு மூன்று பக்கங்களோடு முடிந்துவிடும். விகிதம் என்பது கடன் கொடுக்கும் வங்கிக்காரரின் கருவியாகவே இருந்தது. வாங்கிய கடனை ஓராண்டுக்குள் திருப்பித் தர இயலுமா என்று பார்க்க அவர் நடப்பு விகிதத்தைக் கணக்கிட்டார். பங்கு வாங்குவோனும் தன்னை ஒரு கடன் கொடுப்பவன்போல் எண்ணிக்கொண்டு அதே கண்ணோடு பார்க்கவேண்டும் என்பதுதான் கிரகாம் கொண்டுவந்த மாறுதல்.

இதற்கு நார்தர்ன் பைப்லைன் நிறுவனத்தின் கதையே தக்க சான்று. 1911இல் நீதிமன்றத் தீர்ப்பால் ராக்பெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் 34 நிறுவனங்களாக உடைக்கப்பட்டது. அவற்றுள் எண்ணெய்க் குழாய் நிறுவனங்கள் எட்டு. இவை பொதுமக்களுக்குத் தந்த அறிக்கை ஓரிரு வரிகளே. ஆனால் இரயில்வே முதலிய போக்குவரத்துகளைக் கண்காணித்த ஆணையத்துக்கு அவை விரிவான அறிக்கை தரக் கடமைப்பட்டிருந்தன. 1926இல் ஒரு நாள் கிரகாம் இரயில் ஏறி வாஷிங்டனுக்குச் சென்றார். ஆணையத்தின் ஆவண அறையில் அமர்ந்து அந்த அறிக்கைகளைப் புரட்டினார். அதுவரை எவரும் அவற்றை அந்த நோக்கத்தோடு கேட்டதில்லையாம்!

நார்தர்ன் பைப்லைன் பங்கு சந்தையில் 65 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தது. அறிக்கையில் கண்டதோ, இரயில்வே கடன் பத்திரங்கள் முதலியவற்றில் பங்கு ஒன்றுக்கு ஏறத்தாழ 95 டாலர் முதலீடாகக் கிடந்தது! குழாய்கள், இயந்திரங்கள், நிலம் எதையும் இதில் சேர்க்கவில்லை. அதாவது 65 டாலர் கொடுத்தால் 95 டாலர் பெறுமான பத்திரமும், அதற்கு மேல் ஒரு தொழிலும் கிடைக்கும். ஒரு சிறு குழாய் நிறுவனம் அன்றாடத் தொழிலுக்கு இவ்வளவு பணத்தை வைத்திருக்கத் தேவையே இல்லை.

நடப்பு விகிதம் உயர்ந்தால் நல்லது என்று மட்டுமே படித்த நாம் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். இந்நிறுவனத்தின் நீர்மை நிலை மிக மிக உயர்வு. ஆனால் அந்த உயர்வே குறை. பங்குதாரர்க்குச் சேரவேண்டிய பணம் சோம்பிக் கிடந்ததன் அடையாளம் அது.

கிரகாம் மெல்ல மெல்லப் பங்குகளைச் சேர்த்தார். நிருவாகத்தாரைக் கண்டு, உபரிப் பணத்தைப் பங்குதாரர்க்குப் பிரித்துத் தருமாறு கேட்டார்; அவர்கள் இசையவில்லை. 1927 சனவரியில், பென்சில்வேனியா மாநிலத்தில் ஆயில் சிட்டி என்னும் சிற்றூரில் நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் பனியில் பயணம் செய்து போனார். வந்திருந்தோர் பெரும்பாலும் நிறுவன ஊழியர்கள். அவர் ஒரு தீர்மானம் கொண்டுவர எழுந்தார்; வழிமொழிய ஆள் இல்லை. சில நிமிடங்களில் கூட்டமே முடிந்துவிட்டது. வெறுங்கையுடன் திரும்பியவர் ஓராண்டு முழுவதும் மற்றப் பங்குதாரர்களைத் தேடிச் சென்று, எண்களைக் காட்டி, பதிலாள் வாக்குரிமைகளைத் திரட்டினார். 1928இல் இயக்குநர் குழுவில் அவரும் அவரைச் சேர்ந்த ஒருவரும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பின்னர் நிறுவனம் பங்குக்கு 70 டாலர் வீதம் பிரித்துத் தந்தது. பங்கின் சந்தை விலையைவிட மிகுந்த தொகை கைக்கு வந்தபின்னும் பங்கு கையிலேயே இருந்தது.

1926இல் அவர் தம் பெயரில் ஒரு கூட்டு முதலீட்டுக் கணக்கைத் தொடங்கியிருந்தார். ஜெரோம் நியூமன் என்பவர் கூட்டாளியானார். 1929 தொடக்கத்தில் அந்தக் கணக்கின் மூலதனம் 25 இலட்சம் டாலர். கிரகாமுக்கு வயது 35கூட ஆகவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் வீழ்ச்சி தொடங்கியது. 1929இல் கணக்கு 20 விழுக்காடு இழந்தது. வீழ்ச்சி முடிந்தது என்று அவர் எண்ணினார். கடன் வாங்கியும் பங்குகளைப் பிடித்து வைத்திருந்தார். 1930இல் இழப்பு ஏறத்தாழ 50 விழுக்காடு. 1931இல் 16, 1932இல் 3. நான்கு ஆண்டுகளில் நூற்றுக்கு எழுபது போயிற்று. பிற நிறுவனங்களின் கடன் விகிதத்தை அவ்வளவு கூர்ந்து பார்த்தவர் தம் கணக்கின் கடன் விகிதத்தைத் தளரவிட்டார் என்பதே என் கருத்து. தாயாரை 1907இல் வீழ்த்திய அதே கடன்தான் இது. சொகுசு வீட்டை விட்டுச் சிறிய வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். பாடம் சொல்லியும், கட்டுரை எழுதியும், நிறுவனச் சொத்துகளை மதிப்பிடும் வழக்குகளில் சாட்சியம் அளித்தும் பொருளீட்டினார். இழப்பு ஈடாகும்வரை அவரும் நியூமனும் அந்தக் கணக்கிலிருந்து ஊதியம் எடுக்க வழியில்லை. ஐந்தாண்டுகள் அவ்வாறே உழைத்து, 1935 முடிவில் முதலீட்டாளரின் இழப்பை ஈடுசெய்தனர்.

இருள் மிகுந்த 1932ஆம் ஆண்டில் ஃபோர்ப்ஸ் இதழில் அவர் மூன்று கட்டுரைகள் எழுதினார். நியூயார்க் சந்தையில் இடம்பெற்ற 600 தொழில் நிறுவனங்களை ஆராய்ந்தபோது 200க்கும் மேற்பட்டவை தத்தம் நிகர நடப்புச் சொத்துக்கும் குறைவான விலைக்கு விற்கப்பட்டன என்றும், 50க்கும் மேற்பட்டவை கையிலுள்ள ரொக்கத்துக்கும் உடனே விற்கத்தக்க பத்திரங்களுக்கும்கூடக் குறைந்த விலையில் கிடந்தன என்றும் காட்டினார். நாட்டின் தொழில்கள் உயிரோடு இருப்பதைவிடக் கலைக்கப்பட்டால்தான் மதிப்பு மிகும் என்று சந்தை தீர்ப்பளித்துவிட்டதா என்பதே அவர் எழுப்பிய வினா.

அவர் கையாண்ட அளவுகோலை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு நிறுவனத்தின் ரொக்கம், கடனாளிகள், சரக்கிருப்பு எல்லாம் சேர்ந்து 30 இலட்சம் ரூபாய் எனக் கொள்வோம். நடப்புப் பொறுப்பு மட்டுமின்றி நீண்டகாலக் கடன், முன்னுரிமைப் பங்கு அனைத்தையும் கழிக்கவேண்டும். அது 12 இலட்சம். மீதி 18 இலட்சம். சாதாரணப் பங்குகள் ஓர் இலட்சம் என்றால் பங்குக்கு 18 ரூபாய். கட்டடமும் இயந்திரமும் இதில் வாரா. இந்த 18 ரூபாயில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 12 ரூபாய்க்கு மேல் கொடுக்கலாகாது என்பார் அவர். மீதி ஆறு ரூபாய், நாம் அறியாதவற்றுக்கும் தவறாகக் கணித்தவற்றுக்கும் விட்டுவைக்கும் இடம். பாதுகாப்பு எல்லை என்று அவர் இதற்குப் பெயரிட்டார்.

1934இல் டேவிட் டாட் என்பவருடன் சேர்ந்து அவர் எழுதிய ‘செக்யூரிட்டி அனாலிசிஸ்’ வெளிவந்தது. கொலம்பியாவில் கிரகாம் நடத்திய மாலை வகுப்பில் டாட் எடுத்த குறிப்புகளே அதற்கு வித்து. 1937இல் ஸ்பென்சர் மெரிடித் என்பவருடன், நிதி அறிக்கைகளைப் படிப்பது எப்படி என்னும் ஒரு சிறு நூலை எழுதினார். நம் இளங்கலை மாணவர்க்குப் பெரிய நூலைவிட இச்சிறு நூலே ஏற்றது என்பேன்.

விகிதங்கள் பொய்யும் சொல்லும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். நடப்புச் சொத்து 6 இலட்சம், பொறுப்பு 4 இலட்சம் உள்ள நிறுவனத்தின் விகிதம் 1.5:1. ஆண்டு முடிவுக்கு முந்திய நாள் ரொக்கத்திலிருந்து 2 இலட்சம் கடனை அடைத்துவிட்டால் 4க்கு 2. விகிதம் 2:1 ஆகிவிடும்! நிறுவனம் ஒரு காசும் கூடுதலாக ஈட்டவில்லை. ஆகவே ஓராண்டு எண்ணை அவர் நம்பமாட்டார். ஏழு, பத்து ஆண்டு எண்களை வரிசையாக வைத்துப் பார்ப்பார். 1936இல் விளையாட்டாக ஓர் அங்கதம் எழுதினார். யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் தன் ஆலைகளின் மதிப்பை நூறு கோடி டாலர் கழித்தற்குறியாக எழுதிக்கொள்வதாகவும், சரக்கிருப்பை ஒரு டாலர் என்று காட்டுவதாகவும், தொழிலாளர்க்குக் கூலியை ரொக்கமாகத் தராமல் பங்கு வாங்கும் உரிமைச் சீட்டாகத் தருவதாகவும், இவற்றால் இலாபம் வானளாவ உயர்வதாகவும் அதில் கற்பனை செய்தார். தாயாரின் சேமிப்பை விழுங்கிய அதே நிறுவனத்தை அவர் தேர்ந்துகொண்டது தற்செயலா என்பதை வாசகர் முடிவுக்கே விடுகிறேன். அந்த அங்கதம் அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. அவருடைய மாணவரும், 1954 முதல் 1956 வரை அவரிடம் பணியாற்றியவருமான வாரன் பஃபெட், 1990ஆம் ஆண்டுக்கான தம் நிறுவன அறிக்கையுடன் அதை வெளியிட்டார்.

சாதாரண மக்களுக்காக அவர் எழுதிய ‘தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்’ 1949இல் வந்தது. தொழில் நிறுவனமானால் நடப்பு விகிதம் இரண்டுக்குக் குறையக்கூடாது. நீண்டகாலக் கடன் நிகர நடப்புச் சொத்தை மீறக்கூடாது. விலை சராசரி ஈட்டத்தைப்போல் 15 மடங்குக்கு மேல் போகக்கூடாது என்றெல்லாம் தற்காப்பு விரும்பும் முதலீட்டாளர்க்கு அந்நூலின் பிற்பதிப்பில் வரம்பு கட்டினார்.

ஆனால் அவருக்கு மிகப்பெரும் செல்வம் தந்த முதலீடு இவ்வரம்புகளுக்குள் அடங்கியதன்று. 1948இல் கெய்கோ என்னும் மோட்டார் காப்பீட்டு நிறுவனத்தின் பாதிப் பங்கை அவருடைய நிறுவனம் ஏழு இலட்சம் டாலருக்குச் சற்று மேல் கொடுத்து வாங்கியது. முதலீட்டு நிறுவனம் ஒன்று காப்பீட்டு நிறுவனத்தில் அவ்வளவு பங்கு வைத்திருக்கச் சட்டம் இடந்தரவில்லை. ஆகவே பங்குகளைத் தம் பங்குதாரர்க்கே பகிர்ந்தளிக்க நேர்ந்தது. அப்பங்குகள் ஆண்டுக்காண்டு பன்மடங்கு பெருகின. இருபதாண்டுகளில் மற்ற முதலீடுகள் அனைத்திலும் ஈட்டியதைவிட இந்த ஒன்றில் வந்த இலாபமே மிகுதி என்று அவரே தம் நூலின் பிற்சேர்க்கையில் ஒப்புக்கொண்டார்.

1956இல் தம் நிறுவனத்தைக் கலைத்துவிட்டுக் கலிபோர்னியாவுக்குச் சென்று அங்கும் பாடம் சொன்னார். கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களில் திளைத்தார். உருகுவே நாட்டு எழுத்தாளர் மாரியோ பெனடெட்டியின் ஒரு நாவலை ஸ்பானிய மொழியிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தார். நாடகமும் எழுதியவர் அவர். 1934இல் பிராட்வேயில் மேடையேறிய அது சில நாட்களிலேயே நின்றுவிட்டது.

1976இல் அளித்த ஒரு பேட்டியில் அவர் தெரிவித்த கருத்து பலரை வியப்பில் ஆழ்த்தியது. நுணுக்கமான பகுப்பாய்வால் தனிப்பட்ட பங்குகளைத் தேடிப்பிடிக்கும் முறையைத் தாம் இனிமேல் பரிந்துரைப்பதில்லை என்றார். நாற்பதாண்டுகளுக்கு முன் தம் நூல் வந்தபோது அதற்குப் பயன் இருந்தது. இன்று ஆயிரக்கணக்கானோர் அதே வேலையைச் செய்கின்றனர் என்பது அவர் கூறிய காரணம். விலைக்கும் ஈட்டத்துக்கும் உள்ள விகிதம், சொந்த மூலதனத்துக்கும் கடனுக்கும் உள்ள விகிதம் போன்ற ஓரிரண்டு எளிய சோதனைகளை மட்டும் வைத்துப் பல பங்குகளைக் கூட்டமாக வாங்கினால் போதும் என்பதே அவருடைய முடிந்த முடிபு. தாம் எழுதிய பெருநூலின் பெரும்பகுதியைத் தம் கையாலேயே ஒதுக்கி வைக்க அவர் தயங்கவில்லை.

அதே ஆண்டில்தான் கெய்கோ நிறுவனம் திவாலின் விளிம்புக்கு வந்தது. 1972இல் 61 டாலர் விற்ற பங்கு 2 டாலர் அளவுக்கு விழுந்தது. வாரன் பஃபெட் அப்போது அப்பங்குகளை வாங்கத் தொடங்கினார். நிறுவனம் பிழைத்தெழுந்து, 1996இல் முழுவதும் பஃபெட்டின் நிறுவனத்துக்கே உரியதாயிற்று. அதைக் காணக் கிரகாம் இல்லை. 1976 செப்டம்பர் 21ஆம் நாள், பிரான்சு நாட்டில் ஏக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில் தம் 82ஆம் வயதில் அவர் காலமானார்.